நல்லதும் நல்லதும் மோதும்போது



தீமையைத் தடுப்பதில் எமக்குக் குழப்பமில்லை. இரண்டு நன்மைகள் எதிரும் புதிருமாக நின்றால் என்ன செய்வது?

மெல்பேர்ணுக்குத் தென்கிழக்கே, வெஸ்ரேர்ன் போர்ட் குடாவின் ஹேஸ்ரிங்ஸ் துறைமுகத்தில், கடலில் நிறுத்தும் காற்றாலைகளைப் பொருத்தி அனுப்ப ஓர் இறங்குதுறை அமைக்க விக்ரோறிய அரசு முனைந்தது. நிலக்கரிப் புகையைக் குறைக்கும் நல்ல காரியம். ஆனால் அதற்கு 92 ஹெக்டயர் வரை கடலடியைத் தோண்டவும், சுமார் 29 ஹெக்டயரை நிரப்பவும் வேண்டும். அக்குடாவோ 1982 முதல் ராம்சார் உடன்படிக்கையில் சேர்ந்த ஈரநிலம். ரஷ்யாவின் கிழக்கிலிருந்தும் வடகிழக்குச் சீனாவிலிருந்தும் வரும் கேர்லியூ என்ற நீண்ட வளைந்த அலகுப் பறவை, அழிவின் விளிம்பிலுள்ள இனம், அந்தச் சேற்றில் நண்டு தின்றுதான் திரும்பிப் பறக்கப் பலம் சேர்க்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அப்போதைய மத்திய சுற்றாடல் அமைச்சர் ரான்யா பிளிபேர்செக், விரிவான ஆய்வுக்குப் போகுமுன்பே திட்டத்தை நிராகரித்தார். செய்தி 2024 ஜனவரியில் வெளியானது.

கடல் மட்டம் உயர்ந்தால் அந்தச் சேறும் மிஞ்சாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கணக்குத் தொழிலில் நாம் பிழையான பதிவை அடுத்த வருடமாவது திருத்துவோம். மூடிய சேற்றுநிலத்துக்குத் திருத்தற்பதிவு கிடையாது. அப்பறவை தங்கிவரும் மஞ்சட் கடற்கரையிலும் பெரும்பகுதி நிரப்பப்பட்டுவிட்டது. நிரப்பியவர் ஒவ்வொருவரும் தம் துண்டு சிறியதென்றே எண்ணியிருப்பர்.

ஆகவே நாம் அமைச்சரின் பக்கமே சாய்கிறோம். ஆனால் தாமதத்தால் கூடும் புகையை ஐந்தொகையில் யார் பெயரில் எழுதுவது? அதற்கு எம்மிடம் பதிலில்லை.