கடைமடைக்காரரின் ஹக்கு



நம்மில் பலருக்கு இராமநாதபுரம் சீமையில் பாட்டனார் விட்டுச் சென்ற காணி கொஞ்சமாவது உண்டு. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். நிலத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. மறுமை நாளில் பூமி தன் செய்திகளைச் சொல்லும் என்று திருமறை எச்சரிக்கிறது. நம் காணி அன்று நம்மைப் பற்றி என்ன சொல்லும்?

மதீனாவில் ஹர்ராவிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீர் குறித்து, ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. ஜுபைரின் தோட்டம் மேலே, மற்றவருடையது கீழே. மேலே உள்ளவர் பாய்ச்சிக்கொண்டு அண்டை நிலத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முதல் தீர்ப்பு. அன்ஸாரி அதை ஏற்காமல் குறை பேசியபோது, ஜுபைருக்குள்ள முழு உரிமையை வரையறுத்தார்கள்: வரப்பளவு தண்ணீர் நிற்கும்வரை. முழு உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சென்ற பெருநாளுக்கு ஊர் போயிருந்தோம். நம் காணியில் கால் வைக்க இடமில்லை, எங்கும் சீமைக்கருவேலம். நடுவே ஓடிய வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அதற்குக் கீழே ஒரு விதவையின் இரண்டு குறுக்கம் நிலம். கண்மாயில் தண்ணீர் இருந்தும் அங்கே ஒரு சொட்டுப் போகவில்லை.

"தம்பி, ஒங்க அத்தா இருந்தா இப்படி விட்டிருப்பாகளா?" என்றார் அந்த அம்மா. நமக்கு நா எழவில்லை. நாம் யாருடைய தண்ணீரையும் திருடவில்லை, சும்மா இருந்தோம். சும்மா இருந்ததே அநியாயமாயிற்று. அந்த வருஷந்தான் பள்ளிவாசல் மினாராவுக்கு நன்கொடை கொடுத்துக் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டோம்!

அடியானுக்குரிய ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். மரத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்குமாதலால், வேரோடு பிடுங்கி வாய்க்காலைத் திறக்க ஆள் வைத்தோம்.

முன்னாளில் மழைக்கு முன்பே ஊரார் கூடிக் கரையை உயர்த்தி, வரத்துக்காலைத் தூர்வாருவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்து, 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பத்தில் ஒரு பங்கை நிலத்துக்காரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பங்கில் நம் பங்கு எங்கே?

இன்றும் அனுமதிக்கப்பட்ட கண்மாய்களில் விவசாயி வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம். வட்டாட்சியருக்கு மனுச் செய்தால், ஏக்கருக்கு நஞ்சையானால் 75, புஞ்சையானால் 90 கனமீட்டர் வரை கிடைக்கும். கண்மாயும் ஆழமாகும், காணியும் உரம் பெறும். பண்ணைக்குட்டை வெட்டவும், நிலத்தைச் சீர்திருத்த வாடகைக்கு இயந்திரம் பெறவும் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம்.

சகோதரர்களே, வாசலில் உதவி காத்திருக்கிறது. கதவைத் திறக்க ஆளில்லை. ஊரிலுள்ள உறவினருக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். மனுவை அவர் கொடுக்கட்டும். செலவை நாம் ஏற்போம். நிலத்தைப் பயிரிட முடியாவிட்டால் பயிரிடுவோரிடம் விடுங்கள். எப்படியாயினும் உங்கள் எல்லைக்குள் ஓடும் வாய்க்காலை அடைத்து வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் நாம் மௌத்தான பின்னும் ஸதகத்துல் ஜாரியாவாக நம் கணக்கில் வரவு எழுதப்படும். அடைபட்ட தண்ணீரோ பற்றில் ஏறும்.

யா அல்லாஹ்! எங்கள் சோம்பலால் பிறர் வயல் காயாமல் காத்தருள்வாயாக. ஆமீன்.