கைதட்டலும் கடனும்

புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சில குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோர் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொணர்ந்தோரின் மரபினர் அவர்கள். விழா மேடையில் அவர்களது மஞ்சாப் பாடலைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம். போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்த அப்பாடல்களின் பொருளோ பாடுவோருக்கே பெரும்பாலும் எட்டாது போயிற்று.

கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரை வரலாறு பெயர் சொல்லி அழைக்கிறது. அவர்தம் அடிமைகளின் பெயர்கள் எங்கே? 1844இல் சட்டம் இத்தீவில் அடிமை முறையை ஒழித்தது. பறிபோன பெயரையும் மொழியையும் அது மீட்டுத் தரவில்லை.

ஆகவே நினைவுகூர்தல் தயவன்று, கடன். மூதாதையருக்கு விழா எடுத்துவிட்டு, வழித்தோன்றலை நிறத்தால் ஏளனம் செய்வது அறமாகுமா? அவர்களை ஆடச் சொல்லுமுன் பேசச் சொல்வோம். நாம் அமர்ந்து கேட்போம்.