வழி தவறி வந்த உயிரும் ஓர் அமானிதமே

 

கழுத்தில் மணி கட்டிய பூனை ஒன்று உங்கள் வாசலில் வந்து கத்துகிறது. பால் வைக்கிறீர்கள். நான்கே நாளில் பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறார்கள். "அல்லாஹ் நமக்குக் கொடுத்தான்" என்கிறது மனம். இரக்கப்பட்டு உணவளித்ததால் அது நமக்குச் சொந்தமாகிவிடுமா?

வழி தவறிய ஆட்டைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. பிடித்துக்கொள்ள அனுமதித்தார்கள்; விட்டால் ஓநாய்க்கு இரையாகலாம். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டதும் அவர்களின் முகம் கோபத்தால் சிவந்தது. அது தானே நடக்கும், தண்ணீர் தேடிக்கொள்ளும்; உரியவர் வரும்வரை அதை விட்டுவிடச் சொன்னார்கள். ஸைத் பின் காலித் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், அத்தகைய ஒட்டகங்களைப் பிடித்து அறிவிப்புச் செய்து, விற்று, உரியவர் வந்தால் விலையைக் கொடுக்க உத்தரவிடப்பட்டது. நடைமுறை மாறியது, நோக்கம் மாறவில்லை. உரியவரின் உரிமை அவரிடமே சேர வேண்டும்.

ஆகவே, தெருவில் உலாவிவிட்டுத் தானே வீடு திரும்பும் பூனையை அடைத்து வைப்பது இரக்கமல்ல. காயம்பட்டதையும், கூண்டைவிட்டு வந்து இரை தேடத் தெரியாமல் தவிக்கும் கிளியையும் எடுத்துப் பாதுகாப்பது கடமை. எடுத்தால் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வைத்துக்கொள்பவரே வழி தவறியவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அக்கம்பக்கத்தில் கேளுங்கள். மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கால்நடை மருத்துவமனையில் சொல்லி வையுங்கள். பள்ளிவாசலுக்குள் அறிவிக்காதீர்கள், காணாமல் போனதை அங்கே தேடுவது தடுக்கப்பட்டுள்ளது. வெளி வாசலில் சொல்லலாம். எல்லா அடையாளங்களையும் நீங்களே சொல்லிவிடாமல், கேட்டு வருபவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

உரியவர் வரும்போது உங்கள் பிள்ளை அழலாம். அந்த வீட்டுப் பிள்ளை அதைக் காணாமல் அதற்கு முன்பிருந்தே அழுதுகொண்டிருக்கும். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உங்கள் பிள்ளையின் கையாலேயே அந்தப் பூனையைக் கொடுக்கச் செய்யுங்கள். அமானிதம் என்றால் என்னவென்று அது ஆயுள் முழுக்க மறக்காது.

உரியதை உரியவரிடம் சேர்ப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.