உங்கள் வாசல் என்ன சாட்சி சொல்லுகிறது?



மீண்டும் ஒக்டோபர் மாதத்தைக் காணக் கர்த்தர் கிருபை செய்திருக்கிறார். ஸ்காபரோ தெருக்களில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போதே வீட்டு முற்றங்களும் மாறிவிடுகின்றன. ஹலோவீன் அலங்காரத்தைக் கடையில் வாங்குகிறவர்களும் உண்டு, வீட்டிலேயே செய்கிறவர்களும் உண்டு. பழைய படுக்கை விரிப்பை ஒரு பந்தின்மேல் போட்டுக் கட்டி, இரண்டு கண் வரைந்து மரத்தில் தொங்கவிட்டால் பேய். டிவி வந்த பெட்டியிலிருக்கும் ரெஜிபோமை வெட்டி, சாம்பல் நிறம் பூசி, முன்புல்லில் நட்டால் கல்லறை. பழைய சேர்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் உள்ளே காய்ந்த இலைகளை அடைத்தால் பிரேதம். ரப்பர் கையுறையை நிரப்பி மண்ணில் குத்தி வைத்தால், புதைத்தவன் எழும்பி வருகிற கை. கறுப்புக் குப்பைப் பையை வெட்டினால் வௌவால். காசு செலவில்லை, பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

நம்முடைய சபைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். "பாஸ்டர், இதில என்ன பிழை? ஆர் இப்ப பேயை நம்பிக்கொண்டு செய்யினம்? பழைய துணியும் மட்டையும்தானே?"

இது நியாயமான கேள்வி. "அது பிசாசின் பண்டிகை" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டால், பிள்ளை நமக்கு முன்னால் மௌனமாயிருக்கும், மனதிலோ கேள்வி அப்படியே இருக்கும். ஆகவே வேத வெளிச்சத்தில் பொறுமையாக ஆராய்வோம்.

ஆரம்பம் எங்கே?

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த பழைய கெல்ட் மக்கள் கோடை முடிந்து குளிர் தொடங்கும் நாளைச் 'சவ்வின்' என்று ஆசரித்தார்கள். அந்த இரவில் மரித்தோரின் ஆவிகள் நடமாடும் என்ற பயம் இருந்தது. பின்னர் 8-ஆம், 9-ஆம் நூற்றாண்டுகளில் மேற்கத்திய திருச்சபை நவம்பர் 1-ஆம் தேதியைச் சகல பரிசுத்தவான்களின் திருநாளாக ஆசரிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தின இரவு 'பரிசுத்தவான்களின் முன்னிரவு'. ஹலோவீன் என்ற பெயருக்கு அர்த்தமே அதுதான்! பெயரிலே பரிசுத்தம் இருக்கிறது, முற்றத்திலே மண்டையோடு நிற்கிறது.

ஐரிஷ் மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே வெளிச்சம் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் திரளாக அமெரிக்காவுக்கு வந்தபோது, கிழங்கைவிடப் பெரியதும் குடைவதற்கு இலகுவானதுமான பூசணிக்காய் அகப்பட்டது. கெட்ட ஆவியை விரட்டவே அந்தப் பயங்கர முகம் என்று சொல்லுவார்கள்.

இதைக் கேட்கும்போது நம்மவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். ஊரிலே புது வீடு கட்டும்போது கண்ணூறு படாதபடி வெருளி கட்டி வைப்பார்கள். கழிப்புக் கழிக்க நீற்றுப்பூசணிக்காய் வெட்டுவார்கள். தமிழ்நாட்டிலே பூசணிக்காயில் பூத முகம் வரைந்து வாசலில் தொங்கவிடுவார்கள். நம்மில் அநேகர் இரட்சிக்கப்பட்ட நாளில் அந்தப் பயத்தையும் அந்தப் பழக்கத்தையும் விட்டு வெளியே வந்தவர்கள். "என் வாசலுக்கு இயேசுவின் இரத்தமே காவல்" என்று சாட்சி சொன்னவர்கள். அதே பூத முகத்தை இந்த நாட்டில் ஆங்கிலப் பெயரோடு திரும்ப வாசலில் வைப்பதென்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

ஆனாலும் நீதியாய்ப் பேசுவோம். ஆரம்பம் மட்டுமே ஒரு காரியத்தைத் தீர்த்துவிடாது. வியாழன், சனி என்று கிழமைகளைச் சொல்லுகிறோம். அவை கிரகங்களின் பெயர்கள். ஆங்கிலத்தில் 'தேர்ஸ்டே' என்பது தோர் என்கிற பழைய தெய்வத்தின் பெயரால் வந்தது. அந்தப் பெயர்களைச் சொல்லுவதால் நாம் கிரகத்தை வணங்கவில்லை. ஆகவே முக்கியமான கேள்வி இது: இந்த அலங்காரம் இன்றைக்கு என்ன சொல்லுகிறது? யாருக்குச் சொல்லுகிறது?

நம்பாமல் செய்தால் பரவாயில்லையா?

கொரிந்து சபையிலும் இதே வாதம் இருந்தது. "விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எங்களுக்குத் தெரியும், ஆகவே அதற்குப் படைத்ததைச் சாப்பிட்டால் என்ன?" என்றார்கள். பவுல் அப்போஸ்தலன் அவர்களுடைய அறிவை மறுக்கவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லைதான் என்று ஒத்துக்கொள்ளுகிறார். ஆனால் அதோடு விடவில்லை. உன் அறிவினாலே, உன் சுயாதீனத்தினாலே, கிறிஸ்து யாருக்காக மரித்தாரோ அந்தப் பலவீனமான சகோதரன் இடறினால் அது கிறிஸ்துவுக்கு விரோதமான பாவம் என்கிறார் (1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்).

இதை நம்முடைய தெருவுக்குக் கொண்டு வாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் ஆயிரமாயிரமாய் நம் ஜனங்கள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரை யுத்தத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம் மத்தியிலே இருக்கிறார்கள். ஷெல் விழுந்த இடத்தில் பிள்ளையைத் தேடினவர்கள் உண்டு. அடக்கம் பண்ண நேரமில்லாமல் விட்டு ஓடினவர்கள் உண்டு. காணாமற்போன மகனுக்குக் கல்லறைகூட இல்லாமல் இன்றைக்கும் அழுகிற தாய்மார் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு அம்மா பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறா. ஒரு வீட்டு முற்றத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு நிற்கிறது. பக்கத்தில் இரத்தம் பூசின சேர்ட்டோடு ஒரு உருவம் கிடக்கிறது. உள்ளே இலைதான் அடைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். தெரிந்தும் அன்று இரவு அவ தூங்கமாட்டா. கையுறையும் இலையும் ஒன்றுமில்லைதான். ஆனால் அவவின் கண்ணீர் ஒன்றுமில்லாததா? அவவுக்காகவும் கிறிஸ்து மரித்தாரே!

இந்த நாட்டு அயலவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. அவர்களில் அநேகருக்கு இது வெறும் விளையாட்டு, நம் கதை அவர்களுக்குத் தெரியாது. நமக்கோ தெரியும். தெரிந்த நாம் அதைச் செய்யலாமா?

கல்லறையைப் பார்த்து யார் சிரிக்கலாம்?

உலகம் ஏன் மரணத்தை வைத்து விளையாடுகிறது? பயந்துதான். மரணபயத்தினால் மனுஷர் ஜீவகாலமெல்லாம் அடிமைகளாயிருக்கிறார்கள் என்று எபிரெயர் 2-ஆம் அதிகாரம் காட்டுகிறது. இருட்டில் தனியாய்ப் போகிறவன் பாட்டுப் பாடுவதுபோல, பயத்தை மறைக்க மனுஷன் எலும்புக்கூட்டுக்குத் தொப்பி போட்டுச் சிரிக்கிறான்.

நம்முடைய ஆண்டவர் எப்படி நடந்துகொண்டார்? லாசருவை எழுப்பப் போகிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார் (யோவான் 11). மரணத்தை அவர் வேடிக்கையாக எண்ணவில்லை. வேதம் அதைக் கடைசிச் சத்துரு என்றே சொல்லுகிறது. அந்தச் சத்துருவை அவர் சிலுவையிலே சந்தித்து, மூன்றாம் நாள் ஜெயித்தார். ஆகவே விசுவாசியும் மரணத்தைப் பார்த்து, உன் கூர் எங்கே என்று கேட்கலாம். அது திறந்த கல்லறைக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்வி. முற்றத்தில் நட்டு வைக்கிற ரெஜிபோம் கல்லறையோ மூடியே இருக்கிறது. அதில் உயிர்த்தெழுதல் இல்லை. இருந்தால் மண்ணிலிருந்து நீளுகிற கைதான். அது நம்பிக்கை தராமல் பயத்தைத் தருகிறது.

கதரேனருடைய நாட்டிலே கல்லறைகளில் குடியிருந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 5). இயேசு அவனை விடுதலையாக்கி, உன் வீட்டுக்குப் போ என்று அனுப்பினார். கல்லறையில் இருந்தவனை ஆண்டவர் வீட்டுக்கு அனுப்பியிருக்க, நாம் கல்லறையை வீட்டுக்குக் கொண்டு வருவதா?

கை செய்வதை மனது கற்றுக்கொள்ளும்

வீட்டிலே கையால் செய்கிற அலங்காரத்தைக் குறித்து விசேஷமாய் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் வாங்குவது ஐந்து நிமிஷம். செய்வதோ இரண்டு மூன்று சாயந்தரம். தகப்பன் வெட்டுவார், தாய் தைப்பா, பிள்ளை நிறம் பூசும். எவ்வளவு அருமையான நேரம்! ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்காக பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினவர் கர்த்தர். கைத்தொழில் அவர் தந்த வரம். எபேசுவிலே தெமேத்திரியுவுக்கும் திறமையான கைகள் இருந்தன, அவன் தியானாளின் கோவில்களைச் செய்தான். கைகள் ஒரே மாதிரி, கிரியைகள் வேறு.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் பிள்ளைகளுக்குத் தம்முடைய வார்த்தையைப் போதிக்கவும், வாசல் நிலைகளில் எழுதவும் கர்த்தர் கட்டளையிடுகிறார். பிள்ளையோடு உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒரு போதனை. வாசலில் வைப்பதெல்லாம் ஒரு எழுத்து. மூன்று சாயந்தரம் மண்டையோடு செய்த பிள்ளைக்கு ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் அரைமணி நேரம் போதுமா?

அப்படியானால் லைட்டை அணைத்துவிடுவோமா?

இங்கேதான் நாம் மற்றப் பக்கத்தில் விழுகிறோம். ஒக்டோபர் 31 இரவு வாசல் லைட்டை அணைத்து, திரையை இழுத்து மூடி, சத்தமில்லாமல் உள்ளே இருக்கிற விசுவாசிகளும் உண்டு. வருஷம் முழுக்க நம் கதவைத் தட்டாத அயல் பிள்ளைகள் அந்த ஒரு இரவிலே தாங்களாகவே வருகிறார்கள். ஆத்தும ஆதாயத்துக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம், வாசலுக்கு வந்த பிள்ளைக்கோ இருட்டைக் காட்டுகிறோம். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடுகிறவன் உண்டோ?

ஆகவே அன்பானவர்களே, சில ஆலோசனைகள்:

1. பூசணிக்காய் கர்த்தருடைய சிருஷ்டி. சோளத்தட்டையும், வைக்கோல் கட்டும், செவ்வந்திப் பூவும் அப்படியே. ஒக்டோபர் இரண்டாம் திங்கள் வருகிற நன்றி செலுத்தும் நாளுக்கு அவைகளால் வாசலை அழகுபடுத்துங்கள், மாத முடிவுவரை இருக்கட்டும்.

2. பிள்ளைகளின் கைகளுக்கு வேலை கொடுங்கள். மட்டையில் நட்சத்திரம் வெட்டலாம். சிவந்த மேப்பிள் இலைகளைக் கோர்த்துத் தோரணம் கட்டலாம். வெறுங்கையோடு "செய்யாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளை நண்பன் வீட்டுக்குப் போய்ச் செய்யும்.

3. வாசல் லைட்டைப் போடுங்கள். வருகிற பிள்ளைகளுக்குச் சிரித்த முகத்தோடு நல்ல இனிப்புக் கொடுங்கள். கைப்பிரதியும் கொடுக்கலாம். ஆனால் இனிப்பில்லாமல் கைப்பிரதி மட்டும் கொடுக்காதேயுங்கோ! அந்தப் பிள்ளைக்கு நற்செய்தி கஞ்சத்தனமாய்த் தெரியும்.

4. அலங்காரம் வைத்த அயலவரோடு சண்டை வேண்டாம். அவருக்காக ஜெபியுங்கள். "உங்கள் வாசல் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று அவர் கேட்பாரானால், அதுவே கர்த்தர் திறந்த கதவு.

5. நம் தெருவில் துக்கத்தோடு தனித்திருக்கிற ஒரு அம்மா இருந்தால், அந்த வாரம் அவவைப் போய்ப் பார்த்து, கூட இருந்து ஜெபியுங்கள்.

எகிப்திலே அழிவு கடந்துபோன இரவில், இஸ்ரவேலரின் வீடுகளை வேறுபிரித்துக் காட்டியது வாசல் நிலையில் இருந்த அடையாளமே. தேவ பிள்ளையே, இந்த ஒக்டோபரில் உன் வாசலைக் கடந்துபோகிற பிள்ளையும், பயந்தவனும், துக்கப்படுகிறவளும் அங்கே என்னத்தைக் காண்பார்கள்? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் வீட்டுக்கு வெளியே வந்து, தெருவில் நின்று, உங்கள் சொந்த வாசலைப் பார்த்து ஜெபம் பண்ணுங்கள். மரித்தும் சதாகாலங்களிலும் உயிரோடிருக்கிற கர்த்தர்தாமே உங்கள் வீட்டையும் வாசலையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!