விலை அச்சிடாத அட்டை

விருந்துக்கு அழைக்கப்பட்டவர் சாப்பாட்டின் விலையைக் கேட்கக் கூடாது என்பது நாம் பழகிய நாகரிகம். அழைத்தவரைப் புண்படுத்தும் கேள்வி அது. ஆனால் ஒரு மேசையில் உட்காரும் பெண் எப்போதுமே அழைக்கப்பட்டவள்தான் என்று உலகம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்த நாகரிகத்துக்கு என்ன பெயர்?

மேல்நாட்டின் உயர்தர உணவகங்கள் பலவற்றில் இரண்டு வகை உணவு அட்டைகள் இருந்தன. ஆணின் கையில் கொடுப்பதில் விலை இருக்கும். பெண்ணின் கையில் கொடுப்பதில் பண்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் லோரான்ஜெரி என்ற பிரெஞ்சு உணவகத்துக்கு ஒரு பெண் தன் தொழில் பங்காளியான ஆணை விருந்துக்கு அழைத்துப் போனார். செலவு அவருடையது. விலையுள்ள அட்டையோ பங்காளியிடம் போனது. வழக்கறிஞர் குளோரியா ஆல்ரெட் மூலம் வழக்குத் தொடுத்தார்கள். உணவகம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் பெரு நாட்டின் லிமா நகரத்தில் இதே காரணத்துக்காக ஓர் உணவகத்துக்கு அபராதம் விதித்தார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரீசில் உணவகம் என்ற அமைப்பு உருவானபோது அதன் புதுமைகளில் ஒன்றே அந்த அட்டைதான். அதற்கு முன் சத்திரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே நீள மேசையில், வைத்ததைச் சாப்பிட்டார்கள். உணவகம் தனி மேசை தந்தது. விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. விலையை முன்னாலேயே அச்சிட்டுத் தந்தது. உண்பவரைச் சுதந்திரமானவராக்கிய அந்தத் தாளிலிருந்துதான் பெண்ணுக்கு மட்டும் விலையை அழித்தார்கள்.

‘அதனால் என்ன கெட்டுவிட்டது? கணக்குப் பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்ற அன்புதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலை தெரிந்தவளால் மட்டுமே ‘இது வேண்டாம், அதிகம்’ என்று சொல்ல முடியும். விலை தெரியாதவள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறாள் என்பதை அறியாமலே கடன்படுகிறாள். அளவு தெரியாத கடனை எப்படித் தீர்ப்பது? வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பதைத் தவிர வேறு வழி ஏது?

நம் ஊரில் பெண்கள் விலை அறியாதவர்கள் அல்லர். நங்கநல்லூரில் காலையில் காய்கறிக் கடைப் பக்கம் நடந்தால் தெரியும். தக்காளி நேற்று என்ன விலை, இன்று என்ன விலை, இரண்டு தெரு தள்ளி என்ன விலை என்பது அவர்கள் நாவின் நுனியில் இருக்கும். கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்கும் அதே பெண், மேசை விரிப்பும் துணி நாப்கினும் உள்ள இடத்துக்குள் நுழைந்ததும் பணம் அறியாத குழந்தை ஆகிவிடுகிறாள்.

ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காகப் புதுச்சேரி போயிருந்தேன். அன்று இரவு நானும் கூட வேலை பார்க்கும் தோழியும் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவள் மகனும் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியில் ஓர் உணவகத்துக்குப் போனோம். அட்டையில் விலை எல்லோருக்கும் இருந்தது. வெங்காய சூப் வந்தது, மீன் வந்தது, ஒவ்வொன்றாக, பொறுமையாக வந்தது. கடைசியில் தோல் உறையிட்ட பில்லும் வந்தது. அது நேராகப் பையன் முன்னால் வைக்கப்பட்டது. அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மா, என்கிட்ட பஸ் பாஸ்தான் இருக்கு” என்றான். சிரித்தோம். நாற்பதைத் தாண்டிய, சம்பளம் வாங்கும் இரண்டு பெண்களைத் தாண்டிப் போய் ஒரு பில் மீசை அரும்பிய பையனைக் கண்டுபிடித்ததே, அதற்கு வழி காட்டியது எது என்ற கேள்வி சிரிப்போடு முடியவில்லை.

பரிமாறியவரைக் குறை சொல்ல மாட்டேன். வழி மிகப் பழையது. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. விருந்தினரை எதிர்கொள்வதும் அந்த இழப்புகளில் ஒன்று. வீடு இருந்தது, சமைக்கும் கை இருந்தது. ஆனாலும் கணவன் இல்லாதவள் விருந்து கொடுப்பவள் ஆக முடியவில்லை. உழைப்பு அவளுடையது, விருந்தோம்பும் தகுதி அவனுடையது. அதே காதையில் ஆயர்பாடியில் அவள் சமைக்கிறாள். கோவலனுக்கு வாழையிலையில் பரிமாறுகிறாள். அவன் உண்கிறான், வெற்றிலை பாக்கும் தருகிறாள். அவள் எப்போது உண்டாள் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. வகுப்பில் பல ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ கண்ணகி சாப்பிட்டாங்களா மேடம்?” உரையாசிரியர்களிடம் இதற்கு விடை தேடிப் பயனில்லை.

வீட்டுச் சமையலுக்கு விலை இல்லை. விலை வந்தவுடன் சமையல் ஆணின் கலை ஆகிவிடுகிறது. பிரான்சில் பண்ணைவேலை செய்து வளர்ந்த யூஜெனி பிரேசியே, 1921இல் லியோன் நகரத்தில் சொந்தமாக உணவகம் தொடங்கினார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களும் மிஷெலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றன. ஆறு நட்சத்திரங்களை முதலில் பெற்றவர் அவரே. 1998இல் ஆலன் துக்காஸ் ஆறு பெற்றபோது, அவரே முதல்வர் என்று பத்திரிகைகள் எழுதின. பில் பையனிடம் போனதும் புகழ் துக்காஸிடம் போனதும் ஒரே வழியில்தான்.

ஆனால் பில்லை நம் பக்கம் இழுத்துக்கொள்வதோடு கணக்கு முடிந்துவிடாது. விலை கொடுக்க முடிந்த பெண்ணாக நான் உட்கார்ந்திருக்கும்போது, என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். எங்கள் மீனைக் காலையில் துறையில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, அரிந்து கொடுத்தவள் ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். அந்த மேசையில் அவள் உட்கார முடியாது. விலை தெரிந்துகொள்ளும் உரிமை என்றால், என் தட்டில் இருப்பதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் கடமையும் அதில் சேர்த்திதான். எனக்கு மட்டும் விலையுள்ள அட்டை வேண்டும் என்று கேட்பது பெண்ணியம் ஆகாது. அது வாடிக்கையாளர் புகார்.

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். உங்களை யார் அழைத்தாலும் விலையைக் கேளுங்கள். அதில் அவமரியாதை ஏதும் இல்லை. அடுத்தது இன்னும் கடினமானது. இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், அவர் உட்காரும்போது பாத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள்.