யார் வீட்டிலிருந்து பாடம் தொடங்குவது?



நம் பிள்ளைகளிற் பலர் விஞ்ஞானப் பாடம் என்றாலே அஞ்சுகின்றனர். "அது எனக்கு ஏறாது, சாமி" என்கின்றனர். பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு நியாயமானதுதானா என்று இவ்வாரம் சிந்திப்போம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒலியைப் பற்றிய பாடத்தில் இசைக்கவையும் வயலின் கம்பியும் வரும். கம்பியை மீட்டினால் அதன் அடிப்படை ஒலியோடு, அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுள்ள ஒலிகளும் எழும். மடங்குகள் முழு எண்களாயிருப்பதால் காதுக்கு இனிக்கிறது. இழுத்துக் கட்டிய வெறும் தோலிலோ அப்படியன்று. அடுத்த ஒலி ஏறக்குறைய 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு. ஆகையால் சாதாரணப் பறையோ முரசோ முழங்குமேயன்றி, அதில் ஒரு சுருதி நிலைத்து நிற்பதில்லை.

அப்படியானால் மிருதங்கம் எப்படிச் சுருதி பேசுகிறது? அதன் வலந்தலையின் நடுவே கரிய வட்டம் ஒன்று உண்டு, கரணை என்பர். கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்து, மெல்லிய படலங்களாக அப்பி, ஒவ்வொரு படலத்தையும் தேய்த்து உருவாக்குகிறார்கள். நடுவில் கனம் கூடுவதால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளுக்கு நெருங்கி வருகின்றன. இவ்வுண்மையை 1920-ல் சி. வி. இராமன், உடன் உழைத்த ஆய்வாளரோடு சேர்ந்து 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்.

தஞ்சையிலும் சென்னையிலும் மிருதங்கம் செய்யும் குடும்பங்களிற் பல கிறிஸ்தவக் குடும்பங்கள். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் கையாண்டு பிழைப்பவர்கள் அவர்கள். மேடையில் வாத்தியத்தைத் தொட்டு வணங்கியவர்களே, அதைச் செய்தவனை வீட்டுக்குள் விடத் தயங்கிய நாடு இது. அப்படிப்பட்ட ஒருவரின் மகன் ஒலிப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். தன் தகப்பனின் விரல்கள் அன்றாடம் செய்வது பௌதிகமே என்று அவனுக்கு யாராவது சொன்னதுண்டா? சொல்லாவிட்டால், படிப்பு என்பது தன் வீட்டை மறைத்துக்கொண்டு நுழைய வேண்டிய இடம் என்றே அவன் கற்றுக்கொள்வான். பரீட்சையில் தேறினாலும் இந்தக் காயம் ஆறாது.

"விஞ்ஞானத்துக்கு ஊரேது, சாதியேது? எல்லாருக்கும் ஒரே பாடம்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மை எல்லாருக்கும் ஒன்றே, மறுப்பில்லை. ஆனால் உண்மையை நோக்கி நடக்கிறவன் தான் நிற்கிற இடத்திலிருந்துதான் முதல் அடி வைக்க முடியும். வயலினும் ஒரு வீட்டுப் பொருள்தானே? பாடம் எப்போதும் யாருடைய வீட்டிலிருந்தோதான் தொடங்குகிறது. அது எப்போதும் அடுத்தவன் வீடாகவே இருக்கவேண்டுமா என்பதே கேள்வி.

மொழியிலும் இப்படியே. 1847-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்பு தமிழிலும் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. தமிழில் படித்ததால் அம்மாணாக்கரின் வைத்தியம் குறைந்துபோகவில்லை. கிராமத்து நோயாளியிடம் அவன் மொழியிலேயே நோயை விளக்கும் ஆற்றல் கூடியது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிள்ளைக்கு ஊக்கமூட்டுவதற்காக, "எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்று சொல்லிவிடக் கூடாது. மிருதங்கம் செய்தவர் காதாலும் கையாலும் அறிந்தார். ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதை அளந்து காட்டியவர் இராமன். இரண்டும் வெவ்வேறு அறிவு; இரண்டும் மரியாதைக்குரியவை. முன்னதைப் பின்னதென்று சொல்வது பொய். ஏழைப் பிள்ளைக்கு அன்பின் பெயரால் பொய்யைப் பரிசளிப்பதும் அவனை அவமதிப்பதே. அவனுக்கு வேண்டியது முகஸ்துதியன்று, நீதி.

ஆசிரியப் பணிபுரியும் அன்பர்களே, வகுப்பில் எந்தெந்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். நெசவு, உப்பளம், கட்டுமரம், சூளை ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் உண்டு. பெற்றோரே, "எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவன்" என்று பிள்ளையின் முன்னே உங்கள் தொழிலைத் தாழ்த்திப் பேசாதீர்கள். நீங்கள் செய்வதைக் காட்டுங்கள். "இது ஏன் இப்படி ஆகிறது என்று வாத்தியாரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று அனுப்புங்கள். கேள்வியோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை பாடத்துக்கு அஞ்சமாட்டான்.