பால்குடிப் பிள்ளையின் பங்கு

பிள்ளை வளர்ப்புக்கு அரசாங்கம் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் யாருக்குக் கொடுப்பது நீதம் என்ற கேள்வியை இக்காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலேயே இக்கேள்வி எழுந்தது. அதற்கு விடையும் கிடைத்தது.

வணிகக் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கிய இரவு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு கலீபா அவர்கள் தாமே காவலிருந்தார்கள். பிள்ளையொன்று அழுதது. அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளையைக் கவனிக்கும்படி அதன் தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் அதே அறிவுரை. இரவின் கடைசியில் மூன்றாம் முறையாக அழுகை கேட்கவே, அத்தாயைக் கடிந்துகொண்டு காரணம் கேட்டார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அப்பெண், தான் பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிப்பதாகவும், பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்றும் சொன்னாள். பிள்ளைக்கோ வயது சில மாதங்களே! அன்று பஜ்ரு தொழுகையில் கலீபா ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை, அவ்வளவு அழுகை. தொழுகை முடிந்ததும், பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை உண்டு, யாரும் அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

முந்தைய சட்டம் தீய எண்ணத்தில் பிறந்ததன்று. பால் மறந்த பிள்ளைக்கு உணவு வாங்க வேண்டும், பால்குடிப் பிள்ளைக்கு அச்செலவில்லை என்ற கணக்கு அது. ஆனால் பணம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் தாயின் கை சென்றது. முதல் இருமுறையும் கலீபா அவர்கள் தாயைத்தான் குறை கண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நாமும் அப்படித்தானே செய்கிறோம்?

நம்மவர் பலர் குடும்பத்தோடு வாழும் சிங்கப்பூரைப் பார்ப்போம். குடிமக்களின் பிள்ளை நாள் முழுதும் காப்பகத்தில் இருந்தால், மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்யும் தாய்க்கு அடிப்படை மானியம் மாதம் 300 வெள்ளி. கைக்குழந்தையானால் 600 வெள்ளி. வேலைக்குப் போகாத தாய்க்கு 150 வெள்ளியே. மாத வருமானம் 6,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது, நல்ல காரியம். பிள்ளை பிறந்ததற்கு அரசு தரும் அன்பளிப்பு வேறு. ஆனால் காப்பகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து வளர்ப்பவளுக்கு இந்த மானியத்தில் ஒரு காசும் இல்லை. மருமகளை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பேரனை மடியில் போட்டுக்கொள்ளும் பெத்தும்மாவும் இக்கணக்கில் வருவதில்லை.

வேலைக்குப் போகிறவள் பிள்ளையைத் தனியே விட முடியாது, காப்பகக் கட்டணம் அவளுக்குத் தவிர்க்க முடியாத செலவு என்பார்கள். உண்மையே. விதவையின் நிலையையும், கணவன் சம்பளம் போதாதவளின் நிலையையும் நாம் அறிவோம். ஆனால் வீட்டில் வளர்ப்பது இலவசம் என்று எண்ணுவது தவறு. மணவிலக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அவளுக்குக் கூலி கொடுக்கும்படி திருமறை (65:6) பணிக்கிறது. தாயின் பராமரிப்புக்கும் விலையுண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

உமர் (ரலி) அவர்கள் பிறந்த பிள்ளைக்கு 100 திர்ஹம் விதித்தார்கள். வளர்ந்ததும் அது 200 ஆகும். கேட்பாரின்றிக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கோ, பாலூட்டும் செலவையும் பராமரிப்பையும் பைத்துல்மாலே ஏற்றது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பங்கு. ஆதரவு குறைந்த பிள்ளைக்கு மேலும் ஒரு பங்கு. இதுவே நீதமென்று நமக்குப் படுகிறது. இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதை விட்டால், கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும்படி தாயை அரசே தள்ளுவதாகும்.

இதில் ஜக்காத்தைக் கலக்கக் கூடாது. அதற்குரிய எட்டு வகையினரைத் திருமறை (9:60) குறித்துவிட்டது. வசதியுள்ளவர் பிள்ளையின் காப்பகக் கட்டணம் அதில் சேராது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் உணவும் உடையும் தரும் கடமை தகப்பன் மீது (2:233). அரசாங்க மானியம் வந்தவுடன், வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளும் வாப்பாமார் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளையின் பங்கு; அவர்களுடைய மிச்சம் அன்று.